வெற்றிடத்தை முதலில் வரையுங்கள்: சிறு மனையில் முற்றமும் சமநிலையும் அமைப்பதற்கான முழு வழிகாட்டி

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் அறைகளின் பட்டியலோடுதான் பொறியாளரிடம் போகிறார்கள். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பூஜைக்கு ஓர் இடம், கார் நிறுத்த ஓர் இடம். எல்லாவற்றையும் மனைக்குள் அடைத்த பிறகு, குளியலறை ஜன்னல் திறக்க வழியில்லாத மூலையில் மூன்றடிக்கு நான்கடி ஓட்டை ஒன்று விடப்படும். வரைபடத்தில் அதற்கு ‘ஓ.டி.எஸ்.’ என்று பெயர். வானம் பார்த்த இடம் என்று பொருள். குடிபுகுந்த ஆறே மாதத்தில் அங்கே உடைந்த பக்கெட்டும் புறாவின் கூடும் சேர்ந்துவிடும். வீட்டில் காலி இடம் விட்டோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. காலி இடத்தை முதலில் வரைந்து, அதன் அளவையும் விளிம்பையும் முடிவுசெய்துவிட்டு, அறைகளைப் பிறகு அதைச் சுற்றி வையுங்கள். வெற்றிடம் என்று பேச்செடுத்தாலே சிலர் சிதம்பர ரகசியத்துக்குப் போய்விடுவார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் ஆகாயத்தைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதை வைத்துக் கொத்தனாருக்கு அளவு சொல்ல முடியாது. இங்கே அடியிலும் அங்குலத்திலும் பேசுவோம்.

எடுத்துக்காட்டுக்கு அரைக் கிரவுண்டு மனை ஒன்றை வைத்துக்கொள்வோம்: 30 அடிக்கு 40 அடி, 1,200 சதுர அடி. விதிப்படி நான்கு பக்கமும் விட வேண்டியதை விட்ட பிறகு கட்டுவதற்கு 24 அடிக்கு 32 அடி, அதாவது 768 சதுர அடி கிடைக்கிறது என்று கொள்வோம். உங்கள் ஊர் விதி சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம்; கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி: இப்போதிருக்கும் வரைபடத்தைக் கறுப்பாக்குங்கள்

பொறியாளர் கொடுத்த வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, சுவர், அலமாரி, கட்டில், சோபா, பீரோ, சமையல் மேடை எல்லாவற்றையும் பென்சிலால் கறுப்பாக நிரப்புங்கள். வெள்ளையாக எஞ்சுவதுதான் நீங்கள் நடமாடி வாழப்போகும் வீடு. 1748-இல் ரோம் நகரத்துக்கு ஜாம்பட்டிஸ்டா நோலி வரைந்த வரைபடம் இந்த முறையில் புகழ்பெற்றது. கட்டடங்களைக் கருமையாக்கி, தெருவையும் சதுக்கத்தையும் வெள்ளையாக விட்டார். தேவாலயங்களின் உட்புறத்தையும் வெள்ளையாகவே காட்டினார். மக்கள் தடையில்லாமல் நுழையும் இடம் கூரைக்குக் கீழே இருந்தாலும் தெருவின் தொடர்ச்சிதான் என்பது அதில் ஒரே பார்வையில் தெரிகிறது.

உங்கள் தாளில் வெள்ளைப் பகுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெயர் வைத்துச் சொல்லக்கூடிய ஒரு வடிவம், ஒரு சதுரமோ நீள்சதுரமோ, எங்காவது தெரிகிறதா? பெரும்பாலான வரைபடங்களில் தெரியாது. கதவுக்குப் பின்னால் ஒரு துண்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு கீற்று, மாடிப்படிக்குக் கீழே ஒரு முக்கோணம் என்று சிதறிக் கிடக்கும். மொத்தத்தையும் கூட்டினால் நல்ல பரப்பு வரும். ஆனால் ஒருவர் கால் நீட்டி உட்கார இடம் இருக்காது. இந்தச் சிதறலைக் கூட்டி ஓரிடத்தில் சேர்ப்பதுதான் இனி வரும் வேலையில் பாதி.

இரண்டாம் படி: காலி இடத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

வெளிச்சமும் காற்றும் தருவது, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது சற்று நிற்க வைப்பது, உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தூரம் கொடுப்பது: வீட்டுக்குள் காலி இடம் செய்யும் வேலை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. எது முதன்மை என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். மூன்றையும் ஒரே இடத்தில் கேட்டால், சிறு மனையில் மூன்றும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: நடுவிலா, ஓரத்திலா?

இதில்தான் மனம் அதிகம் தடுமாறும். அதனால் ஜப்பானில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒசாகா நகரில் சுமியோஷி என்ற பகுதியில், வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த பழைய மரவீடுகளின் நடுவே, 1976-இல் கட்டடக் கலைஞர் ததாவ் ஆண்டோ ஒரு சிறு கான்கிரீட் வீட்டைக் கட்டினார். அகலம் சுமார் 3.3 மீட்டர், நீளம் சுமார் 14 மீட்டர். மனையே ஏறத்தாழ 57 சதுர மீட்டர்தான், நம் கணக்கில் 615 சதுர அடி. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, வாசல் மட்டும். இவ்வளவு குறுகிய இடத்தில் அவர் செய்த முதல் காரியம், நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பகுதியை முழுவதுமாக வானத்துக்கு விட்டதுதான். முன்னால் இரண்டு மாடி, பின்னால் இரண்டு மாடி, நடுவில் திறந்த முற்றம், அதன் குறுக்கே மேல்தளத்தில் ஒரு பாலம். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால், மழையானாலும் பனியானாலும் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

இதற்காக ஆண்டோவைத் திட்டியவர்கள் உண்டு. நடு இரவில் குடை பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிற வீட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் பாடம் ஒன்று இருக்கிறது. இடம் குறைவு என்பதால் அவர் முற்றத்தைச் சிறிதாக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார். தெருப்பக்கம் ஜன்னலே இல்லாத அந்த வீட்டின் அறைகளுக்கு வெளிச்சம் கிடைப்பது அந்தப் பங்கினால்தான்.

கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தம் சொந்த வீட்டில் வேறு வழியில் போனார். 33-ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியபோது, ஒரே பெரிய முற்றத்துக்குப் பதிலாகச் சிறுசிறு முற்றங்களையும் ஒளிக் கிணறுகளையும் வழிநெடுக வைத்தார். நடந்து போகப் போக ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு துண்டு வெளிச்சம் வரும்.

நமக்கு எது? 768 சதுர அடியில் ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து. வாஸ்து பார்ப்பவர்கள் நடுவில் இருக்கும் பிரம்மஸ்தானத்தைக் காலியாக விடச் சொல்வார்கள். பழைய நாலுகட்டு வீட்டுக்கு அது பொருந்தும். 24 அடி அகலத்தில் சரிநடுவில் முற்றம் வைத்தால், இரண்டு பக்கமும் எட்டெட்டு அடிதான் மிஞ்சும். அதில் அறையும் அமையாது, நடையும் அமையாது. ஆகவே நீளவாக்கில் நடுவே, ஆனால் அகலவாக்கில் ஓர் ஓரமாக வையுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைத்தால், பிற்பகல் வெயிலை அந்த உயரமான சுவர் வாங்கிக்கொள்ளும்.

வீடு அப்போது மூன்று பட்டைகளாகப் பிரியும். முன்பட்டை 11 அடி ஆழம்: ஹால், வாசல். நடுப்பட்டை 8 அடி: மேற்கே 8 அடிக்கு 8 அடி முற்றம், அதை ஒட்டி 10 அடிக்குச் சாப்பாட்டு இடம், கிழக்கே 6 அடிக்குக் குளியலறை. பின்பட்டை 13 அடி: சமையலறையும் ஒரு படுக்கையறையும். சுவர்க் கனமும் இந்த அளவுகளுக்குள்தான், எல்லாம் உத்தேசம். முற்றம் எடுத்துக்கொள்வது 64 சதுர அடி, கட்டும் பரப்பில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் பின்பட்டையில் ஓர் அறைக்கும் அது வெளிச்சம் தருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, “அந்த 64 அடியையும் அறையாக்கினால் என்ன?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்த இடத்துக்குக் கூரையும் இல்லை, டைல்ஸ் செலவும் குறைவு என்று சொல்லிப் பாருங்கள்.

நான்காம் படி: வெயிலைக் கணக்குப் போடுங்கள்

இதைத் தவறவிட்டால் முற்றம் கோடையில் அடுப்பாகவும் மற்ற நாளில் பாசி பிடித்த கிணறாகவும் ஆகும்.

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சிப் பொழுதில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வரும். இடையில் உள்ள மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 21 வாக்கில் தெற்கே சாய்ந்து, உச்சியிலும் சுமார் 53 பாகை உயரத்தில்தான் நிற்கும்.

இதைச் சுவரில் பொருத்திப் பாருங்கள். முற்றத்தின் தெற்கே 10 அடி உயரச் சுவர் இருந்தால், டிசம்பர் உச்சி வேளையில் அதன் நிழல் சுமார் ஏழரை அடி நீளும். 8 அடி முற்றத்தின் தரையில் அரை அடிக் கீற்றுதான் வெயில் விழும். மீதி வடக்குச் சுவரில் ஏறும். ஜூனிலோ சூரியன் வடக்கே இருப்பதால் நிழல் வடக்குச் சுவரிலிருந்துதான் விழும்; அது இரண்டடிகூட வராது. தரையில் ஆறடிக்கு வெயில் காயும். அதாவது, நமக்கு வெயில் தேவையில்லாத காலத்தில்தான் முற்றத்துக்குள் அதிகம் வருகிறது. மேலே இன்னொரு மாடி எழுப்பினால் சுவர் 20 அடியாகிவிடும். அப்போது டிசம்பர் உச்சி வெயில் வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒன்பது அடிக்கு மேல்தான் படும். கீழ்த்தளத்துக்கு நேர் வெயிலே கிடையாது.

இதிலிருந்து மூன்று முடிவுகள். மாடி கட்டுவதாக இருந்தால், முற்றத்தின் ஒரு பக்கத்திலாவது மேல்மாடியைப் பின்தள்ளி அந்த இடத்தை மொட்டைமாடியாக விடுங்கள். கோடை வெயிலுக்குக் கண்ணாடியோ திரையோ தேடாமல், தாழ்வாரத்தின் நிழலையும் ஒரு செடியையும் நம்புங்கள். சுவர்களுக்கு வெள்ளையோ அதற்கு நெருங்கிய நிறமோ அடியுங்கள். நேர் வெயில் எட்டாத ஆழத்துக்குச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் போய்ச் சேரும்.

மேலே பாலிகார்பனேட் தகடு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடாதீர்கள். வெளிச்சம் வரும், ஆனால் ஏறிய சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். முற்றத்தின் பயனே சூடான காற்று மேலே போய்விடுவதும், இரவில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்குவதும்தான். திருடன், குரங்கு, பூனை பயம் இருந்தால் இரும்புக் கம்பிவலை போடுங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் வளவு எனப்படும் உள்முற்றத்துக்கு மேலே கம்பி போட்டிருப்பதைக் காணலாம்.

ஐந்தாம் படி: விளிம்பு

காலி இடத்துக்கு உருவம் கொடுப்பது அதன் விளிம்புதான். நாலு பக்கமும் வெறும் சுவர் எழுப்பினால் அது குழி. ஒரு பக்கத்திலாவது தூணும் தாழ்வாரமும் வந்தால்தான் அது முற்றம், ஏனென்றால் அப்போதுதான் அதன் ஓரத்தில் ஆள் உட்கார முடியும். நம் எடுத்துக்காட்டில் சாப்பாட்டு இடத்தின் பக்கம் சுவரே வேண்டாம். இரண்டு தூண், ஓர் உத்திரம், இரண்டரை அடி முன்தள்ளிய சரிவு போதும். முற்றத்தின் தரையைச் சாப்பாட்டு இடத்தைவிட ஓரடி தாழ்த்துங்கள். விளிம்பு தானே உட்காரும் படியாகிவிடும். ஹால் பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்கலாம். வெளிச்சமும் வேண்டும், மறைப்பும் வேண்டும் என்றால் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவர் போதும். கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளால் இந்த வகைச் சுவர் இன்று பல மேஸ்திரிகளுக்குப் பழக்கம்.

மழை விஷயத்தில் சோம்பல் கூடாது. 64 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 600 லிட்டர் தண்ணீர். பழைய வீட்டைப்போல நான்கு பக்கமும் 4 அடி ஓட்டுச் சரிவு முற்றத்தை நோக்கி இறங்கினால், மழையை வாங்கும் பரப்பு 16 அடிக்கு 16 அடியாகிவிடும். அப்போது சுமார் 2,400 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் இதைவிடக் கூடப் பெய்வது புதிதல்ல. ஒரு குழாய் இலையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஹாலுக்குள் வரும். நான்கு அங்குலக் குழாய் இரண்டு, இரு வேறு மூலைகளில் வையுங்கள். தரைக்கு எட்டடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் கொடுங்கள். குழாய்களை மழைநீர்த் தொட்டிக்கோ உறிஞ்சுகுழிக்கோ கொண்டுபோங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் அந்தக் குழியை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் கொசுவுக்கும் இடமில்லை. சாரல் அடிக்கும் தூரத்துக்குள் சாப்பாட்டு மேசையைப் போடாதீர்கள்.

ஆறாம் படி: எடை பார்ப்பது

சமநிலை என்றதும் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது ஒரு வகை மட்டுமே. அதற்கு இடமும் பணமும் நிறைய வேண்டும். கலிபோர்னியாவில் லா ஹோயா என்ற கடலோர ஊரில், போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க்குக்காக லூயி கான் கட்டிய ஆய்வு நிலையம் அந்த வகைக்குச் சிறந்த சான்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டட வரிசை, நடுவில் கல் பாவிய வெளி, அதன் மையக் கோட்டில் மெல்லிய வாய்க்கால் ஒன்று பசிபிக் கடலை நோக்கி ஓடுகிறது. அந்த நடுவெளியில் முதலில் மரங்கள் நடத்தான் எண்ணியிருந்தார் கான். பார்க்க வந்த மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான், ஒரு செடிகூட வேண்டாம், கல்வெளியாக விடுங்கள் என்றார். கான் கேட்டுக்கொண்டார். இரு பக்கமும் அவ்வளவு கனமான கான்கிரீட் நிற்கும்போது, நடுவில் மரம் வந்திருந்தால் பார்வை அதிலேயே தங்கியிருக்கும், கடல்வரை போயிருக்காது.

கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டம் இதற்கு நேர் எதிர். வெள்ளைச் சரளை பரப்பிய நீள்சதுரத்தில் 15 கற்கள், ஐந்து கூட்டங்களாக. எந்தக் கூட்டமும் இன்னொன்றைப்போல இல்லை. நடுவில் எதுவும் இல்லை. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். இருந்தும், எதையும் நகர்த்தி வைக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றுவதில்லை. வெள்ளிக்கோலில் ஒரு பக்கம் கனத்த பொருளும் மறுபக்கம் தள்ளி நகர்த்திய சிறு குண்டும் சமமாக நிற்பதைப்போல, அங்கே கல்லைச் சமன் செய்வது அதைச் சுற்றியுள்ள சரளையின் பரப்பு.

சிறு வீட்டுக்கு இந்த இரண்டாம் வகைதான் கைகொடுக்கும். வரைபடத்தில் எடை பார்ப்பது இப்படி. எது கனம் என்று பட்டியலிடுங்கள்: மூடிய சுவர், அடர் நிறம், மாடிப்படி, நீர்த்தொட்டி, அலமாரி நிறைந்த அறை. எது இலேசு: திறந்த வாசல், வெளிச்சம், வெள்ளைச் சுவர், நீள்பார்வை. நம் திட்டத்தில் முற்றம் மேற்கில் இருப்பதால், மாடிப்படியைக் கிழக்கே குளியலறையின் பக்கம் கொண்டுபோங்கள். இரண்டு கனங்கள் ஒரு பக்கம், வெளிச்சமும் உயர்ந்த வெள்ளைச் சுவரும் மறுபக்கம் என்றாகும். படியை முற்றத்துக்கு அருகே வைத்தால் அழகு என்று சிலர் சொல்வார்கள்; படமெடுக்க அழகுதான், ஆனால் கிழக்குப் பாதி எந்த அடையாளமும் இல்லாமல் சோர்ந்துபோகும்.

பிறகு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அறைகளின் பெயர்களை வாசிக்க முடியாதபோது, கனம் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பது சட்டென்று தெரியும். அதற்கு மேலும் ஐயம் இருந்தால், ஓர் அடிக்கு கால் அங்குலம் என்ற கணக்கில் அட்டையில் சுவர்களை வெட்டி நிறுத்தி, மொட்டைமாடியில் வெயிலில் வைத்துப் பாருங்கள். ஆறு அங்குலத்துக்கு எட்டு அங்குலப் பொம்மை வீடு. ஒரு மாலைப் பொழுது வேலை.

ஏழாம் படி: ஒடுக்கிப் பின் விரிப்பது

தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகார வீடுகளில் திண்ணை தாண்டி உள்ளே நுழைந்தால் ரேழி வரும்: குறுகலானது, இருட்டு. அதைக் கடந்தால் முற்றத்தின் வெளிச்சம். முற்றம் உண்மையில் அவ்வளவு பெரிதாக இருக்காது. ரேழிதான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆகவே வாசலைத் திறந்ததுமே முற்றம் முழுவதும் தெரியும்படி வைக்காதீர்கள். வாசலில் நாலடி அகலத்தில், ஏழரை அடி உயரப் பொய்க்கூரையோடு ஒரு சிறு நடை விட்டு, அங்கிருந்து திரும்பியதும் வெளிச்சம் தெரியட்டும்.

எட்டாம் படி: சுண்ணாம்புக் கோடு

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், மனையில் முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொல்லுங்கள். முற்றத்தின் நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, பழைய புடவையைச் சுவராகத் தொங்கவிடுங்கள். காலை, பிற்பகல் இரு வேளையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். எட்டடி போதாது என்று தோன்றினால் பட்டைகளின் ஆழத்தை அங்கேயே மாற்றலாம். கான்கிரீட் விழுந்த பிறகு மாற்ற முடியாது.

ஒன்பதாம் படி: காலியாகவே வைத்திருப்பது

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் லினா போ பார்டி கட்டிய கலை அருங்காட்சியகம் 1968-இல் திறக்கப்பட்டது. காட்சிக்கூடம் உள்ள மேற்பகுதியை உயரத் தூக்கி, கீழே 74 மீட்டர் நீளத்துக்கு ஒரு தூண்கூட இல்லாமல் விட்டார். அந்த இடத்தில் சந்தை கூடுகிறது, போராட்டக் கூட்டம் நடக்கிறது, மழைக்கு ஒதுங்குகிறார்கள். பொது இடம் நிரம்பிக் கலைந்து மறுபடி காலியாகும். வீட்டு முற்றம் அப்படியல்ல. ஒருமுறை நிரம்பினால் நிரம்பியதுதான். முதலில் செருப்பு அலமாரி வரும், பிறகு இன்வெர்ட்டர், பிறகு துணி துவைக்கும் இயந்திரம், கடைசியில் “மழையில் நனைகிறதே” என்று கூரை.

இதை அறிவுரையால் தடுக்க முடியாது. வரைபடத்தில்தான் தடுக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு மாடிப்படியின் கீழே இடம், துணி இயந்திரத்துக்குக் குளியலறையை ஒட்டிக் குழாயும் மின்இணைப்பும், செருப்புக்கு வாசல் நடையில் சுவருக்குள் பதித்த அலமாரி, விளக்குமாறு, ஏணி, பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்பட்டையில் மூன்றடிச் சாமான் அறை: இவை எல்லாம் முற்றத்தின் செலவுக் கணக்கில் சேர்ந்தவை. முற்றத்துச் சுவரில் விளக்குக்கு மட்டும் ஓர் இணைப்பு கொடுங்கள், பிளக் வைக்காதீர்கள். தண்ணீர்க் குழாய் ஒன்று போதும், கழுவிவிட.

கடைசியாக, பொறியாளரிடம் கொடுக்கும் வரைபடத்தில் ‘ஓ.டி.எஸ்.’ என்ற எழுத்தை அடித்துவிட்டு, “முற்றம், 8 அடி × 8 அடி, தரைமட்டம் 1 அடி தாழ்வு, 4 அங்குல வடிகால் 2” என்று மற்ற அறைகளைப்போலவே அளவோடு எழுதச் சொல்லுங்கள். அளவு எழுதப்படாத இடத்தை மேஸ்திரி தன் வசதிக்கு ஆறு அங்குலம் குறைத்துக்கொள்வார்.